டென்னசி வில்லியம்ஸுக்கு முன்னாடி டாம்னு ஒருத்தன் இருந்தான்

பரீட்சை ஹால்ல உட்கார்ந்து கவிதை எழுதினவங்க யாராவது இருக்கீங்களா? கேள்வித்தாளைப் பார்த்து ஒண்ணும் புரியாம, பக்கத்தை ரொப்பறதுக்காகக் கதை அளக்கறது வேற. அதுல நான் கில்லாடி. நாலு வருஷ இன்ஜினியரிங்ல பாதியை அப்படித்தான் ஓட்டினேன். நான் கேட்கறது நிஜமான கவிதை.

1937ல ஒருத்தன் எழுதினான். அமெரிக்காவுல செயிண்ட் லூயிஸ் நகரம், வாஷிங்டன் பல்கலைக்கழகம். (பேரைப் பார்த்துத் தலைநகரம்னு நினைச்சுடாதீங்க, இது மிசௌரி மாநிலத்துல இருக்கு.) கிரேக்க மொழிப் பரீட்சை. விடை எழுத நீல அட்டை போட்ட மெல்லிசான நோட்டு ஒண்ணு கொடுப்பாங்க. அந்த நோட்டுல கிரேக்கத்தோட சேர்த்து ஒரு சின்னக் கவிதையும் எழுதி வச்சிருந்தான். ரொம்பச் சோர்ந்துபோன ஒருத்தனோட குரல்ல பேசற கவிதை அது. தலைப்பு 'நீலப் பாட்டு'.

அந்த நோட்டு எங்கெங்கேயோ சுத்திட்டு நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு பழைய புத்தகக் கடைக்கு வந்து சேர்ந்தது. அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல நாடகம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஹென்றி ஷ்வே 2004ல அந்தக் கடைக்குப் போனப்போ அது அவர் கண்ணுல பட்டது. 2006ல நியூயார்க்கர் பத்திரிகை அந்தக் கவிதையை அச்சிட்டது. எழுதி கிட்டத்தட்ட எழுபது வருஷம் கழிச்சு!

எழுதினவன் பேர் டாம். முழுப் பேர் தாமஸ் லேனியர் வில்லியம்ஸ். அப்போ வயசு 26. உலகத்துக்கு அவரை டென்னசி வில்லியம்ஸ்னாத்தான் தெரியும். காட்ஃபாதர் மர்லன் பிராண்டோவை ஊரறிய வச்ச 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தை எழுதினவர். புலிட்சர் பரிசு ரெண்டு தடவை வாங்கினவர், 1948லயும் 1955லயும்.

ஆனா இந்தப் பதிவு டென்னசியைப் பத்தி இல்ல, டாமைப் பத்தி. டாமைப் பத்திச் சொல்லணும்னா அவனோட சினேகிதன் வில்லியம் ஜே ஸ்மித்தைப் பத்திச் சொல்லியே ஆகணும். (சின்னப் பசங்களா இருந்த வரைக்கும் ரெண்டு பேரையும் அவன் இவன்னுதான் சொல்லப் போறேன். பெரிய ஆளானதும் மரியாதை தானா வந்துடும்.)

*

முதல்ல டாம். 1911 மார்ச் 26, மிசிசிப்பி மாநிலத்துல கொலம்பஸ்ங்கிற ஊர்ல பிறந்தான். அம்மா வழித் தாத்தா பாதிரியார். அப்பாவுக்குச் செருப்பு கம்பெனியில வேலை, அதுக்காக 1918ல குடும்பமே செயிண்ட் லூயிஸுக்கு வந்தது. தெற்கத்திச் சின்ன ஊர்ல தாத்தா பாட்டி நிழல்ல வளர்ந்த பையனுக்கு அந்தத் தொழில் நகரம் கடைசி வரைக்கும் பிடிக்கவே இல்ல.

1929ல மிசௌரி பல்கலைக்கழகத்துல சேர்ந்தான். அங்கே ராணுவப் பயிற்சிப் பாடத்துல ஃபெயில். அப்பாவுக்குக் கோபம். படிப்பை நிறுத்தி, தான் வேலை பார்த்த இன்டர்நேஷனல் ஷூ கம்பெனியிலேயே பையனைத் தள்ளிட்டார். சம்பளம் மாசம் 65 டாலர். செருப்புகளைத் தூசி தட்டறது, ஆர்டர்களை டைப் அடிக்கறது. பகல் முழுக்க இது. ராத்திரி காபியைக் குடிச்சிட்டு, சிகரெட்டைப் புகைச்சிட்டு, கதையும் கவிதையும் எழுதறது. உடம்பு எத்தனை நாள் தாங்கும்? 1935ல ஒரேயடியா நொறுங்கிப் போனான். அந்தக் கோடையில மெம்ஃபிஸ்ல தாத்தா பாட்டி வீட்டுல இருந்து தேறினான். அங்கேதான் அவன் பங்குபோட்டு எழுதின ஒரு சின்ன நாடகம் முதல் முறையா மேடையேறினது. தலைப்பு 'கெய்ரோ, ஷாங்காய், பாம்பே!' (நம்ம பம்பாய் அவனோட முதல் நாடகத் தலைப்புலயே இருக்கு பாருங்க :-))

செருப்பு கம்பெனிக்குத் திரும்பிப் போகல. 1936ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல திரும்பவும் மாணவன். வகுப்புல கூட இருந்தவங்களெல்லாம் அவனைவிட அஞ்சாறு வயசு சின்னவங்க. நம்ம ஊர்ல அரியர் வச்சு ஜூனியர் பசங்களோட உட்கார்ந்து எழுதினவங்களுக்கு அந்த அவஸ்தை புரியும்.

*

அந்த ஜூனியர் பசங்கள்ல ஒருத்தன்தான் ஸ்மித். 1918ல லூசியானாவுல பிறந்தவன், டாமைவிட ஏழு வயசு சின்னவன். அப்பா ராணுவ பாண்டு வாத்தியக் குழுவுல கிளாரினெட் வாசிச்சவர். செயிண்ட் லூயிஸுக்குத் தெற்கே மிசிசிப்பி ஆத்தங்கரையில ஜெஃபர்சன் பாரக்ஸ்ங்கிற ராணுவக் குடியிருப்புல வளர்ந்தான். காலையில பிகிள் ஊதி எழுந்திரிச்சு, சாயங்காலம் பிகிள் ஊதி அடங்கற வாழ்க்கை. இந்தப் பையன் பல்கலைக்கழகத்துல எடுத்த பாடம் பிரெஞ்சு.

மூணாவது ஆள் கிளார்க் மில்ஸ் மக்பர்னி. கிளார்க் மில்ஸ்ங்கிற பேர்ல கவிதை எழுதினவன். அவனுக்கும் பிரெஞ்சு அத்துப்படி.

கவிஞர் டி. எஸ். எலியட் பிறந்த ஊர் செயிண்ட் லூயிஸ். இந்தப் பல்கலைக்கழகத்தை 1853ல நிறுவினதுல அவரோட தாத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. மாணவர்களோட இலக்கியப் பத்திரிகைக்குப் பேரே 'த எலியட்'. டாமோட கவிதைகள் அதுலயும் வந்திருக்கு. அந்த இடத்துல மூணு கவிதைப் பைத்தியங்கள் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்? உடனே ஒரு குழு, குழுவுக்கு ஒரு பேர். 'செயிண்ட் லூயிஸ் கவிஞர்கள் பட்டறை'. ஆளே பத்துப் பேர் இல்லாட்டியும் பேர் மட்டும் கம்பீரமா இருக்கணும். இதெல்லாம் எந்த ஊர்லயும் எந்தக் காலத்துலயும் மாறாது போல.

இந்தக் கூட்டணியில எனக்கு ரொம்பப் பிடிச்சது, வயசு தலைகீழா நின்னதுதான். டாம்தான் மூத்தவன். ஆனா படிச்சதுல அவன்தான் பின்தங்கினவன். அவனுக்குத் தெரிஞ்ச கவிதையெல்லாம் பழைய பாணி, எதுகை மோனையோட காதலும் நிலாவும். ரிம்போ, ரில்கே, ஹார்ட் கிரேன்னு நவீன கவிதைக்குள்ள அவனை இழுத்துட்டுப் போனது இந்த நட்புதான். கிரேனைக் காட்டினது மில்ஸ். அதை டாமே பின்னாடி எழுதியிருக்கார். பல்கலைக்கழக நூலகத்துல இருந்து கிரேனோட கவிதைத் தொகுப்பை எடுத்தவன் திருப்பிக் கொடுக்கவே இல்ல! அதையும் அவரே ஒத்துக்கிட்டிருக்கார். பிற்பாடு ஊர் ஊரா அலைஞ்சப்போவெல்லாம் கிரேன் கவிதைகள் அவர் பெட்டியில இருந்தது.

வயசுல சின்னவங்ககிட்ட கத்துக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. ஆபீஸ்ல நேத்து சேர்ந்த பையன் நம்ம கோடுல தப்பு கண்டுபிடிச்சாலே நமக்கு முகம் எட்டுக்கோணலாகுது. 25 வயசுல, டிகிரி இல்லாம, அப்பா கண்ணுல உதவாக்கரையா நின்ன ஒருத்தன், 18 வயசுப் பையனைச் சமமா நினைச்சு அவன்கிட்ட தன் கவிதையைக் காட்டினான். அவன் எப்பேர்ப்பட்டவன்னு அதுலயே தெரியுது.

*

1937ம் வருஷத்தோட முதல் பாதியைப் பார்த்தா ஒரே ஏத்த இறக்கம்.

மார்ச் மாசம் டாமோட முழுநீள நாடகம் 'கேண்டில்ஸ் டு த சன்' மேடையேறினது. அலபாமா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பத்தின நாடகம். நடத்தினது மம்மர்ஸ்னு அந்த ஊர் அமெச்சூர் குழு, இயக்கினவர் வில்லர்ட் ஹாலண்ட். ஊர்ல நல்ல பேர் கிடைச்சது.

அதே சமயத்துல பல்கலைக்கழகத்துல பேராசிரியர் கார்சன் நாடகம் எழுதற வகுப்பு நடத்தினார். வகுப்புக்குள்ள போட்டி. டாம் கொடுத்தது 'மீ, வாஷ்யா'ன்னு ஒரு ஓரங்க நாடகம். போர் ஆயுதம் வித்துக் கொழுக்கற ஒரு முதலாளியோட கதை. கிடைச்சது நாலாவது இடம். முதல் மூணுக்குத்தான் மேடை. நேரா பேராசிரியர் அறைக்குப் போய்க் கத்தித் தீர்த்துட்டு வந்தான். கூச்ச சுபாவம் உள்ள ஆளு, வாயைத் திறந்தாலே அபூர்வம்னு பேர் எடுத்தவன்!

அந்த வருஷத்தோட பல்கலைக்கழகத்துக்கு முழுக்கு. பட்டம் இல்ல. நம்ம கிரேக்கப் பரீட்சைக் கவிதை இந்த வசந்தத்துல எழுதினதுதான். இப்போ அந்தச் சோர்வுக்கு அர்த்தம் புரியுதா? ஊரே கைதட்டின ரெண்டு மாசத்துல வகுப்புல நாலாவது. வீட்டுல அப்பாவோட சண்டை. அக்கா ரோஸோட மனநிலை நாளுக்கு நாள் மோசமாகி, அந்த வருஷமே மருத்துவமனை வாசம். ஒரு பரீட்சை நோட்டுக்குள்ள இவ்வளவும் அடங்கியிருக்கு.

அப்போ அவனைத் தாங்கினது நண்பர்கள்தான். அந்தக் கோடையில மக்பர்னி வீட்டு அடித்தளத்துல டாமும் அவனும் டைப்ரைட்டரோட உட்கார்ந்தாங்க. ஒருத்தன் கவிதை, ஒருத்தன் நாடகம். அந்த இடத்துக்கு அவங்க வச்ச பேர் 'இலக்கியத் தொழிற்சாலை'. டாம் எழுதற விதமே தனி. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வேற வேற மாதிரி அடிச்சுப் போடுவான், காகிதம் குவிஞ்சு கிடக்கும். செருப்புத் தொழிற்சாலையில நொறுங்கினவன் இந்தத் தொழிற்சாலையில நிமிர்ந்தான். அந்த வருஷமே அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய், 1938ல ஒரு வழியா பட்டம் வாங்கினான்.

*

இப்போ நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துட்டேன்.

1938 கடைசியில நியூயார்க்ல குரூப் தியேட்டர் ஒரு நாடகப் போட்டி அறிவிச்சது. 25 வயசுக்குள்ள இருக்கணும்னு நிபந்தனை. டாமுக்கு 27 முடிஞ்சாச்சு. என்ன பண்ணினான்? பிறந்த வருஷத்தை 1914ன்னு மாத்தினான். செயிண்ட் லூயிஸ் ஆளுங்க யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு மெம்ஃபிஸ் தாத்தா பாட்டி முகவரியைக் கொடுத்தான். பேரையும் மாத்தினான். டென்னசி. 1939ல 100 டாலர் சிறப்புப் பரிசு கிடைச்சது, அது மூலமா ஆட்ரி வுட்ங்கிற ஏஜென்ட்டும் கிடைச்சாங்க. அங்கிருந்து வண்டி நிக்கவே இல்ல.

மூணு வருஷம் எங்கே போச்சு? செருப்பு கம்பெனியில தொலைஞ்ச காலத்தைக் கழிச்சுட்டேன்னு அவர் பின்னாடி சமாதானம் சொன்னார். ரொம்ப வருஷத்துக்குப் பத்திரிகைகள்ல அவர் பிறந்தது 1914ன்னுதான் வந்தது. 1975ல சுயசரிதை எழுதினார், அதுவும் நினைச்ச இடத்துக்குத் தாவித் தாவிப் போற புத்தகம்.

ஆனா அவர் கழிச்சுப் போட்ட காலமே அவரோட முதல் பெரிய வெற்றியா வந்து நின்னுச்சு. 1944 டிசம்பர்ல சிகாகோவுல அரங்கேறின 'த கிளாஸ் மெனாஜரி'. கதை நடக்கறது செயிண்ட் லூயிஸ்ல. ஓயாம பேசற தெற்கத்தி அம்மா, கண்ணாடி பொம்மைகளோட வாழற அக்கா, செருப்புக் கிடங்குல வேலை பார்த்துக்கிட்டு ஒளிஞ்சு கவிதை எழுதற தம்பி. செருப்புப் பெட்டி மூடியில கவிதை எழுதினதுக்கு அவனுக்கு வேலையே போகுது. அந்தத் தம்பியோட பேர் என்ன தெரியுமா? டாம். தான் தூக்கிப் போட்ட பேரையே அவனுக்கு வச்சிருக்கார்.

நாடகத்தைப் பார்த்தவங்களுக்கு அது கதை. ஸ்மித்துக்கு அது தான் போய் வந்த வீடு. அந்த அம்மாவோட நிக்காத பேச்சை நேர்ல கேட்டவர் அவர்.

*

அப்புறம் ரெண்டு பேரோட பாதையும் பிரிஞ்சது. ஸ்மித் உலகப் போர்ல கடற்படையில இருந்தார். ரோட்ஸ் உதவித்தொகையில ஆக்ஸ்ஃபோர்டு, அப்புறம் இத்தாலியில ஃப்ளோரன்ஸ். கவிதை, மொழிபெயர்ப்பு, குழந்தைப் பாடல்கள். 1960 வாக்குல வெர்மான்ட் மாநில சட்டசபை உறுப்பினராகூட இருந்திருக்கார். 1968லேருந்து 1970 வரைக்கும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் கவிதை ஆலோசகர். பின்னாடி அரசவைக் கவிஞர்னு பேர் மாறின அதே பதவி.

அதே காலத்துல டென்னசிக்கு என்ன நடந்தது? துணையா இருந்த ஃப்ராங்க் மெர்லோ 1963ல புற்றுநோய்ல இறந்ததிலிருந்து குடியும் மாத்திரையும். நாடகங்கள் வரிசையா தோல்வி. 1969ல தம்பி டேகின் அவரைக் கொண்டுபோய் செயிண்ட் லூயிஸ்ல பார்ன்ஸ் மருத்துவமனையோட மனநலப் பிரிவுல சேர்த்தார். அந்த மருத்துவமனை வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியோட இணைஞ்சது! முப்பத்திரண்டு வருஷம் முன்னாடி கத்திட்டு வெளியே போன இடத்துக்கே, வேற வாசல் வழியா. அன்னிக்கு அவனோட கவிதை பேசின பையன் இப்போ தலைநகர்ல நாட்டோட கவிதை நாற்காலியில. நம்மள்ல பல பேருக்கு ஒருத்தர் ஜெயிச்சார், ஒருத்தர் தோத்தார்னு கணக்குப் போடத் தோணும். புகழ்ங்கிற தராசுல வச்சா இன்னிக்கும் டென்னசி பக்கம்தான் தட்டு இறங்கும். இவங்க நட்புல அந்தக் கணக்கு இருந்த மாதிரியே தெரியல.

1983 பிப்ரவரி 25, நியூயார்க்ல ஒரு ஹோட்டல் அறையில டென்னசி இறந்தார். ஹார்ட் கிரேன் 1932ல கப்பல்லேருந்து மெக்சிகோ வளைகுடாவுல குதிச்சு செத்தவர். அவர் மூழ்கின இடத்துக்குப் பக்கத்துல தன்னையும் கடல்ல விடணும்னு டென்னசிக்கு ஆசை. மாணவனா இருந்தப்போ நண்பன் அறிமுகப்படுத்தின கவிஞன் சாவு வரைக்கும் கூட வந்திருக்கான் பாருங்க. ஆசை நிறைவேறல. எந்த ஊரை வெறுத்தாரோ அதே செயிண்ட் லூயிஸ்ல கல்வாரி கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணினாங்க.

*

வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1964 வாக்குல நவீன எழுத்தாளர்களோட கையெழுத்துப் பிரதி, கடிதமெல்லாம் சேகரிக்க ஆரம்பிச்சது. யார் யாரோடதைச் சேகரிக்கலாம்னு யோசனை சொன்னவர் மோனா வான் டைன்னு ஒரு கவிஞர். அப்படி வந்தவர்கள்ல ஸ்மித்தும் ஒருத்தர். அவரோட காகிதங்கள் அவர் படிச்ச இடத்துலயே இருக்கு.

2004ல 'கேண்டில்ஸ் டு த சன்' முதல் முறையா புத்தகமா வந்தப்போ முன்னுரை எழுதினவர் ஸ்மித். அதே வருஷம் அதே பல்கலைக்கழகத்துல, நாலாவது இடம் வாங்கின 'மீ, வாஷ்யா'வை மேடையேத்தினாங்க. 67 வருஷம் லேட்டு, அவ்வளவுதான். 2012ல ஸ்மித் ஒரு புத்தகமே எழுதினார். பேர் 'என் நண்பன் டாம்'. அப்போ அவருக்கு வயசு 94. 2015 ஆகஸ்ட்ல, 97 வயசுல இறந்தார்.

அந்தப் புத்தகத்தோட துணைத் தலைப்புல ஸ்மித் டென்னசியை வெறும் நாடக ஆசிரியர்னு சொல்லல, 'கவிஞர் நாடக ஆசிரியர்'னு சொல்றார். உலகம் மறந்த பாதி அதுதான். அதை ஞாபகம் வச்சிருந்து சொல்ல, அவன் வெறும் கவிஞனா மட்டும் இருந்த நாள்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒருத்தன் வேண்டியிருந்தது.

ஆனா 75 வருஷம் கழிச்சு எழுதற ஞாபகத்தை அப்படியே நம்பலாமான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டா அதனாலதான் காகிதம் வேணும். டென்னசி தன்னைப் பத்திச் சொன்ன கதையில மூணு வருஷம் காணோம். நண்பன் சொல்ற கதையில பாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம். ஒரு பழைய பரீட்சை நோட்டுக்கு இந்த ரெண்டு பிரச்சனையும் கிடையாது. 1937ல அவன் சோர்ந்திருந்தான்னா சோர்ந்திருந்தான், அவ்வளவுதான்.

இதைப் படிச்சு முடிச்ச ராத்திரி பரண்மேல ஏறினேன். ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒருத்தன், சர்க்யூட் லேப் ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கங்கள்ல கவிதையா எழுதித் தள்ளுவான். ஹாஸ்டலைக் காலி பண்ணும்போது குப்பையில போட்டுட்டுப் போனான். நான் எடுத்து வச்சிருந்தேன். ஏன்னு அப்போ தெரியாது. இப்போ அவன் எழுதறதே இல்ல, கேட்டா சிரிச்சிட்டுப் பேச்சை மாத்திடுவான்.

நோட்டு பத்திரமா இருக்கு. கொஞ்சம் பூச்சி அரிச்சிருக்கு, படிக்க முடியுது. அவன்கிட்ட திருப்பிக் கொடுக்கப் போறதில்ல. கொடுத்தா கிழிச்சிடுவான் :-)

உங்ககிட்டயும் அப்படி யாரோடதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.